பகடையும் பணயமும்: பக்கமன் ஆட்டத்தில் இரட்டிப்பு விதியின் தோற்றமும் சமூக உள்ளடக்கமும்

1. முன்னுரை

பகடை கொண்டு ஆடப்படும் பலகையாட்டங்களின் விதிகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவை எப்பொழுது மாறுகின்றன, அம்மாற்றங்களுக்கும் அவற்றைச் செய்தோரின் வாழ்நிலைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வாளருக்குப் புறம்பானவை போலத் தோன்றலாம். ஆயின் ஆட்டமும் ஒரு வடிவமே. யாப்பைப் போன்று அதற்கும் விதிகள் உள. அவ்விதிகளுள் எது மாறலாம், எது மாறலாகாது என்பதை ஆடுவோரின் சமூகமே தீர்மானிக்கின்றது. ஒரு செய்யுள் வடிவத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சமூக வரலாற்றோடு பொருத்தி நோக்கும் நாம், ஓர் ஆட்ட வடிவத்தின் மாற்றத்தையும் அவ்வாறே நோக்கத் தடையில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட மாற்றத்தையே. மிகப் பழைய மரபினையுடைய பக்கமன் ஆட்டத்தில், 1920களில் நியூயோர்க் நகரத்துச் செல்வர் கழகங்களில், ஆட்டத்தின் நடுவிலேயே பணயத்தை இரட்டிக்கும் உரிமையை ஆடுவோருக்கு வழங்கும் விதியொன்று சேர்க்கப்பட்டது. இருவர் ஆடும் அவ்வாட்டத்தைப் பலர் கூடி ஆடுதற்கு வகைசெய்யும் 'ஷுவெற்' என்னும் முறையும் அதே சூழலிற் பரவியது. இவ்விரண்டும் சேர்ந்து ஆட்டத்தின் இயல்பையே மாற்றின. அம்மாற்றத்தின் பொருள் யாது என்பதே நமது வினா.

இவ்வினாவை மூன்று வழிகளில் எளிதாகத் தட்டிக்கழித்துவிடலாம். முதலாவது, அறநூல் வழி. சூது தீயது, பணயத்தை ஏற்றுவது அதனினும் தீயது என்று கூறி முடித்துவிடலாம். இரண்டாவது, ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட நூலிலும், ரொஜர் கையுவா 1958இல் வெளியிட்ட நூலிலும் காணப்படும் வழி. விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட தனியுலகு என்றும், அது எதையும் உற்பத்தி செய்வதில்லை என்றும் அவர்கள் கருதினர். மூன்றாவது, நம் அணியைச் சேர்ந்தோர் சிலரிடத்துக் காணப்படும் வழி. பங்குச்சந்தை இருந்தது, ஆகவே சூதாட்ட விதியும் வந்தது என அடிக்கட்டுமானத்திலிருந்து மேற்கட்டுமானத்துக்கு ஒரே தாவலிற் சென்றுவிடுவது அது. இம்மூன்று வழிகளாலும் இரட்டிப்பு விதியை விளக்க இயலாது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. பழைய ஆட்டம்

பக்கமன் பலகையில் 24 கூர்முனைக் கட்டங்கள் உள்ளன. ஆடுவோர் இருவருக்கும் தலா 15 காய்கள். இரு பகடைகளின் எண்ணுக்கேற்பக் காய்களை நகர்த்தித் தத்தம் வீட்டுக்குக் கொணர்ந்து, பின்னர் அவற்றைப் பலகையிலிருந்து வெளியேற்ற வேண்டும். முதலில் எல்லாக் காய்களையும் வெளியேற்றியவர் வென்றவராவார். தனித்து நிற்கும் எதிரியின் காயை வெட்டி மீண்டும் தொடக்கத்திலிருந்து வரச்செய்யலாம். பகடை விழுவது தற்செயல். விழுந்த எண்ணைக்கொண்டு எக்காயை நகர்த்துவதென்பது அறிவு. இவ்விரண்டின் கலப்பே இவ்வாட்டத்தின் சிறப்பாகும்.

இவ்வகை ஆட்டங்களின் வரலாறு நீண்டது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் ஆண்ட பேரரசன் சீனோ 'தபுலா' என்னும் ஆட்டத்தில் 2, 5, 6 என மூன்று பகடைகளை எறிந்து தன் நல்ல நிலையை இழந்த செய்தியை, அடுத்த நூற்றாண்டினரான அகதியஸ் ஒரு கவிதையிற் பதிவு செய்துள்ளார். பாரசீகத்தில் 'நர்த்' என வழங்கியது. 1283இல் கஸ்தீல் மன்னன் பத்தாம் அல்பொன்சோவின் ஆணையால் எழுதப்பட்ட ஆட்டநூலில் இக்குடும்பத்தைச் சேர்ந்த பல ஆட்டங்கள் விளக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் எட்மண்ட் ஹொயில் 1743இல் பக்கமன் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். அக்காலத்திலேயே ஆட்டம் பெரும்பாலும் இன்றைய உருவத்தைப் பெற்றுவிட்டது.

பழைய ஆட்டத்திலும் பணயம் பெருகுவதுண்டு. எதிரி ஒரு காயைத்தானும் வெளியேற்றுமுன் வென்றுவிட்டால் அவ்வெற்றி இரு மடங்காகக் கணிக்கப்பட்டது. ஆனால் அப்பெருக்கம் விளைவைப் பொறுத்தது. ஆட்டம் முடிந்த பின்னர், எவ்வாறு முடிந்தது என்பதைக் கொண்டு தானாகவே அது நிகழ்ந்தது. தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட பணயத்தை நடுவில் மாற்றும் அதிகாரம் ஆடுவோர் எவரிடமும் இருக்கவில்லை. ஒருவர் மிகவும் பின்தங்கிவிட்டாலும் கடைசிக் காய் வெளியேறும்வரை அமர்ந்து ஆடியாக வேண்டும். எதிர்பாராத பகடை அவரைக் காப்பாற்றவும் கூடும். கிரேக்கம், துருக்கி முதலிய நாடுகளின் கோப்பிக் கடைகளில் இவ்வாட்டத்தின் உறவு வடிவங்கள் இன்றும் பொதுவாக இரட்டிப்பு விதியின்றியே ஆடப்படுகின்றன. அங்கு ஆட்டம் பொழுதை நிரப்புகின்றது. தோற்றவர் கோப்பிக்குப் பணம் கொடுப்பதோடு பணயம் தீர்ந்துவிடுவதும் உண்டு. இவ்வேறுபாட்டை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

3. புதிய விதி

புதிய விதி கூறுவதற்கு மிக எளியது. தன் முறை வந்ததும், பகடையை எறியுமுன், ஆடுபவர் 'இரட்டிக்கிறேன்' என அறிவிக்கலாம். எதிரிக்கு இரு வழிகளே உள. ஒன்று, அந்தக் கணத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு நடப்பிலுள்ள பணயத்தைக் கொடுத்து விலகுதல். மற்றது, இரு மடங்கான பணயத்துக்கு ஆட்டத்தைத் தொடர்தல். தொடர்பவருக்கு ஓர் உரிமை கிடைக்கின்றது. அடுத்து இரட்டிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உரியது. நிலைமை மாறி அவர் முன்னணிக்கு வந்தால், நான்கு மடங்காக்கும் அறிவிப்பை அவர் விடுக்கலாம். அதனை எதிரி ஏற்றால் உரிமை மீண்டும் கைமாறும்.

இவ்விதியை முதலில் வகுத்தவரின் பெயர் வரலாற்றிற் பதியவில்லை. ஆரம்பத்தில் தீக்குச்சிகள் முதலியவற்றைக் கொண்டு கணக்கு வைத்தனர் என்பர். பின்னர் 2, 4, 8, 16, 32, 64 என்னும் எண்கள் ஆறு முகங்களிலும் பொறித்த இரட்டிப்புக் கட்டை வழக்குக்கு வந்தது. இது பகடை போன்ற தோற்றமுடையதாயினும் எறியப்படுவதில்லை. இரட்டிப்பை ஏற்றவரின் பக்கத்தில், அவரது உடைமையாக, அது வைக்கப்படுகின்றது. தற்செயலின் கருவியான பகடையின் உருவத்தையே எடுத்து, உரிமைப்பத்திரம் ஒன்றாக அதனை மாற்றியமை இவ்விதியின் உட்பொருளைத் தானே எடுத்துரைக்கின்றது எனலாம்.

இவ்விடத்தில் தமிழ் மாணவருக்கு நன்கு பழக்கமான ஒரு சூதாட்டத்தோடு ஒப்பிடுதல் பயன் தரும். மகாபாரதத்துச் சபையில் பணயம் ஏறிக்கொண்டே செல்கின்றது. பொருள், நாடு, தம்பியர், தான், பாஞ்சாலி என அது வளர்கின்றது. ஆனால் அங்குப் பணயத்தை வைப்பவன் தோற்பவனாகிய தருமனே. இழந்ததை மீட்கும் வேட்கையே ஏற்றத்தின் உந்துவிசை. எதிர்ப்பக்கத்திலிருந்து அவனுக்கு விடுக்கப்படுவது 'இன்னும் என்ன உண்டு?' என்னும் தூண்டுதல் மாத்திரமே. நியூயோர்க் விதியிலோ, பொதுவாக, பணயத்தை ஏற்றுபவர் முன்னணியில் நிற்பவர். பின்தங்கியவரின் வேட்கைக்கு அங்கு இடமில்லை. அவரிடம் கேட்கப்படுவது ஒரு கணக்கு. வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென வகுத்த அதிகாரமும் வேட்கையின் அழிவையே முதன்மையாகக் காண்கின்றது. அது ஒரு குறிப்பிட்ட சூதுக்கு மிகப் பொருத்தமான விமரிசனம். வேட்கையை அடக்கிக் கணக்கை முன்னிறுத்தும் சூதுக்கு அது போதுமானதன்று. அறநூல் வழி நமக்குப் போதாது என்று மேலே கூறியதன் காரணம் இதுவே.

4. முடியாத ஆட்டத்துக்கு விலை

அக்கணக்கினைச் சற்று விரிவாக நோக்குவோம். பணயம் ஓர் அலகு எனக் கொள்வோம். எதிரி இரட்டிக்கிறார். விலகினால் ஓர் அலகு நட்டம், அது உறுதி. ஏற்றால், வென்றால் இரண்டு அலகு இலாபம், தோற்றால் இரண்டு அலகு நட்டம். இதே நிலையை நூறு முறை ஆடுவதாகவும், அவற்றுள் 25 முறை வெல்லக்கூடுமெனவும் கொள்வோம். வெற்றிகளால் 50 அலகு வரும். 75 தோல்விகளால் 150 அலகு போகும். நிகர நட்டம் 100. நூறு முறையும் விலகியிருந்தாலும் நட்டம் அதே 100தான். ஆகவே வெற்றி வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டதாயின் இரட்டிப்பை ஏற்க வேண்டும். குறைந்ததாயின் விலக வேண்டும். தோற்கும் நிலையிலுள்ளவர் விலகுவதே முறை என்று தோன்றும் பொதுப்புத்திக்கு இது முரணானது. மூன்று பங்கு தோல்வியை எதிர்நோக்கும் ஒருவருக்குக்கூட இரு மடங்கு பணயத்துக்குத் தொடர்தல் பாதகமாகாது என்பதே இதன் முடிவு.

இரட்டிப்பை ஏற்றவருக்குக் கிடைக்கும் தனியுரிமைக்கும் ஒரு பெறுமதி உண்டு. எமெற் கீலர், ஜோயல் ஸ்பென்சர் என்னும் கணிதவியலாளர் இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தின் போக்கு இடையறாது சிறிது சிறிதாக மாறுவதாகக் கொள்ளும் இலட்சிய நிலையில், ஏற்பதற்குரிய எல்லை 25 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு இறங்கும் எனக் காட்டினர். அதன் தருக்கம் எளிது. 20 விழுக்காட்டில் நிற்பவர், தோல்வியடையுமுன் 80 விழுக்காட்டை எட்டுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வெல்லையை எட்டியதும் அவர் மீள இரட்டித்து எதிரியை விலகச் செய்யலாம். அதாவது, கட்டையைத் தன் பக்கத்தில் வைத்திருத்தல் ஒன்றே ஐந்து விழுக்காட்டு வாய்ப்புக்கு ஈடாகின்றது.

இக்கணக்கின் சமூகப் பொருள் யாது? பழைய ஆட்டத்தில், முடியாத ஆட்டத்துக்குப் பெறுமதி இருக்கவில்லை; முடிந்த பின்னரே வெற்றி, தோல்வி என்னும் பேச்சு. இரட்டிப்பு விதி வந்ததும், ஆட்டத்தின் ஒவ்வொரு கணமும் விலை குறிக்கப்படத்தக்கதாகின்றது. 'இந்த நிலையை இந்த விலைக்கு வாங்குகின்றீரா, அல்லது விட்டுவிடுகின்றீரா?' என்னும் கேள்வியே ஒவ்வொரு இரட்டிப்பும். நிலை கைமாற்றத்தக்கதாகின்றது, எனவே பண்டமாகின்றது. 1654இல் பஸ்காலும் பெர்மாவும் கடிதப் போக்குவரத்தில் ஆராய்ந்த சிக்கல், ஆட்டம் இடையில் நின்றுபோனால் பணயத்தை எவ்வாறு நியாயமாகப் பங்கிடுவது என்பதாகும். நிகழ்தகவுக் கணிதம் அச்சிக்கலிலிருந்து வளர்ந்தது. அங்கு இடைநிற்றல் ஒரு விபத்து. பங்கீடு நியாயம் பற்றிய வினா. 1920களின் விதியிலோ இடைநிறுத்தம் ஆட்டத்தின் உத்தியாகவே ஆகிவிடுகின்றது. நியாயப் பங்கீட்டின் இடத்தில் நெருக்கடியின் கீழான விலைபேசல் வந்து அமர்கின்றது.

காலமும் இங்கு மாறுகின்றது. முடிவு ஏறக்குறையத் தெளிவாகிவிட்ட ஆட்டத்தைக் கடைசிக் காய்வரை ஆடுவது வீண் பொழுது. இரட்டிப்பு அதனை வெட்டிவிடுகின்றது. அடுத்த ஆட்டம் தொடங்குகின்றது. ஒரு மாலைப்பொழுதில் தீர்க்கப்படும் பணயங்களின் எண்ணிக்கை கூடுகின்றது. கோப்பிக் கடையில் ஆட்டம் பொழுதை நிரப்பியது. கழகத்தில் அது பொழுதைச் சிக்கனப்படுத்துகின்றது.

5. ஷுவெற்: ஒருவரும் பலரும்

பகடை ஆட்டத்தில் மூன்று, நான்கு, ஐந்து பேர் பங்குகொள்ளும்போது பணயத்தை ஏற்றும் விதியை எவ்வாறு பொருத்துவது என்பது தனிச்சிக்கலாகும். இருவரிடையே இரட்டிப்பு ஓர் ஒப்பந்தம்: ஒருவர் முன்மொழிய மற்றவர் ஏற்கின்றார் அல்லது மறுக்கின்றார். பலரிடையே யார் யாருக்கு முன்மொழிவது? மறுத்தவர் யாருக்குக் கொடுப்பது? ஏற்றவருள் யார் உரிமையைப் பெறுவது? பலரது உறவை இருபக்க உறவாக மாற்றினாலன்றி விதி செயற்படாது. பிற ஆட்டங்களில் முன்னரே வழங்கிய ஷுவெற் முறை இதனைச் செய்தது.

பிரெஞ்சு மொழியில் இச்சொல் ஆந்தை வகையொன்றைக் குறிக்கும். பகலில் அகப்பட்ட ஆந்தையைச் சிறு பறவைகள் சூழ்ந்து தாக்குவதுபோல ஒருவரை மற்றையோர் எதிர்ப்பதாற் பெயர் வந்தது என விளக்குவர். பகடை எறிந்து அதிக எண் பெற்றவர் தனித்து நிற்பார். அடுத்தவர் எதிரணியின் தலைவராவார். ஏனையோர் வரிசைப்படி அணியினராவர். காய்களை நகர்த்துபவர் தலைவர். மற்றையோர் ஆலோசனை கூறலாம். தனித்து நிற்பவர் ஒவ்வொருவரோடும் தனித்தனிப் பணயம் வைத்துள்ளார். நால்வரை எதிர்த்தால் வெற்றியும் நான்கு மடங்கு, தோல்வியும் நான்கு மடங்கு. அவர் வென்றால் தலைவர் வரிசையின் இறுதிக்குச் செல்ல, அடுத்தவர் தலைவராவார். தலைவர் வென்றால் அவரே தனித்து நிற்கும் இடத்தைப் பெறுவார்.

தனித்து நிற்பவர் இரட்டிக்கும்போது அணியின் ஒற்றுமை சோதனைக்குள்ளாகின்றது. ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்கின்றனர். விலகுபவர் தம் பணயத்தைக் கொடுத்துவிட்டு ஆலோசனை கூறும் உரிமையையும் இழக்கின்றார். தலைவரே விலகி, ஏற்றவர் வேறொருவர் இருப்பின், தலைமை ஏற்றவருக்குச் செல்கின்றது. சில கழகங்களில், விலக விரும்பும் ஒருவரது ஆட்டத்தை, அவர் கொடுக்க வேண்டிய தொகையைத் தாம் பெற்றுக்கொண்டு, அணியிலுள்ள இன்னொருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. பின்னாளில் அணியினர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி இரட்டிப்புக் கட்டை வைத்துக்கொள்ளும் வழக்கமும் பரவியது. ஒரே பலகை, ஒரே காய்கள், ஒரே பகடை. ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு பணயத்துக்கு நிற்கின்றனர்.

இங்கு நாம் காண்பது ஒரு கூட்டு. ஆனால் அது உழைப்பின் கூட்டன்று. பொது நலன் இருக்கும்வரை ஆலோசனை. ஆபத்து வந்த கணத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி உடைமையாளர். பங்குக் கம்பனியின் பங்காளர்களை இவ்வமைப்பு நினைவூட்டுவதில் வியப்பில்லை. நெருக்கடியில் தோழமை கலைவது அங்குத் துரோகமன்று. விதியினாலேயே வகுக்கப்பட்ட உரிமை.

6. கழகமும் சந்தையும்

இவ்விதிகளை எழுத்துருவில் ஒழுங்குபடுத்தியோர் யார் என்பது தெளிவு. நியூயோர்க் நகரின் பார்க் அவெனியூவில் அமைந்த றக்கெற் அன்ட் ரெனிஸ் கழகம் ஆண்களை மட்டுமே உறுப்பினராகக் கொண்ட, செல்வர்களின் தனியார் கழகமாகும். அதன் சீட்டாட்ட, பக்கமன் குழுவின் தலைவரான வீட்டன் வோன் 1931இல் வகுத்த விதிகளே பின்வந்த விதித்தொகுப்புக்களுக்கு அடிப்படையாயின. வங்கி, தரகு, நிலவுடைமை ஆகியவற்றால் வாழ்ந்த வர்க்கத்தின் ஓய்வுநேரத்தில் இவ்விதிகள் உருப்பெற்றன. 1899இல் ஓய்வுகொள் வர்க்கம் பற்றிய நூலில் அதிட்ட நம்பிக்கைக்கெனத் தனி அதிகாரம் எழுதிய தோர்ஸ்ரைன் வெப்ளன், அந்நம்பிக்கையைப் பழைய மனோபாவத்தின் எச்சமாகக் கண்டார். ஆயின் இரட்டிப்பு விதியில் எச்சம் எதுவுமில்லை. அது முற்றிலும் நவீனமானது.

அதே பத்தாண்டில் அதே வட்டத்தினர் மற்றோர் ஆட்டத்தையும் மாற்றியமைத்தனர் என்பது கவனத்துக்குரியது. 1925இல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் கடற்பயணமொன்றின்போது ஒப்பந்த பிறிட்ஜ் ஆட்டத்தின் கணிப்பு முறையை வகுத்தார். எடுத்த பிடிகளைவிட, எடுப்பதாக முன்னரே வாக்களித்த பிடிகளே அங்கு முதன்மை பெற்றன. இரட்டித்தலும் மீள இரட்டித்தலும் பிறிட்ஜ் மரபில் முன்பே இருந்தவை. இருவகை மாற்றத்திலும் பொதுவாயுள்ளது, விளைவின் இடத்தில் எதிர்காலம் பற்றிய அறிவிப்பு வந்தமர்வதாகும்.

அக்கால நியூயோர்க்கில் எதிர்காலமே பெரும் பண்டமாக இருந்தது. பங்குகளின் விலையில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தி, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்று வாங்கும் முறை பரவியிருந்தது. 1929 இலையுதிர் காலத்தில் இத்தகைய தரகுக் கடன்கள் ஏறக்குறைய 850 கோடி டொலரை எட்டின. விலை இறங்கும்போது தரகர் மேலதிகப் பணம் கோருவார். 'மேலும் பணம் வை, அல்லது இழந்ததை இழந்ததாக விட்டு வெளியேறு' என்பதே அக்கோரிக்கையின் பொருள். பின்தங்கியவரிடம் இரட்டிப்பு விதி கேட்பதும் அதையே. 1929 செப்ரெம்பர் 3ஆம் நாள் 381 புள்ளிகளை எட்டிய டௌ ஜோன்ஸ் சுட்டெண் 1932 யூலை 8ஆம் நாள் 41 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. கடனுக்குப் பங்கு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே மத்திய வங்கிக்குக் கிடைத்தது.

ஒப்புமை தெளிவானது. ஆனால் ஒப்புமை காரணமாகாது. மூன்றாவது வழியினரோடு நாம் வேறுபடுவது இவ்விடத்திலேதான். விதி தோன்றியது சந்தையின் எழுச்சிக் காலத்தில். பக்கமன் மோகம் உச்சமடைந்ததோ வீழ்ச்சிக்குப் பின்னர், 1930, 1931ஆம் ஆண்டுகளில். அவ்வீராண்டுகளில் பல கைந்நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. சந்தையின் நேரடிப் பிரதிபலிப்பாக ஆட்டம் இருந்திருப்பின், சந்தையோடு அதுவும் சரிந்திருக்க வேண்டும். நிகழ்ந்தது மறுதலை. சந்தையிற் பொய்த்துப்போன ஒரு பகுத்தறிவு ஆட்டப் பலகையிற் பொய்க்காமல் இருந்தது என்பதே நமது விளக்கம். பலகையில் எல்லாக் காய்களும் கண்முன்னே உள்ளன. பகடைக்கு 36 விளைவுகளே உள்ளன. கணக்குச் சரியாயின் நீண்டகாலத்திற் பலன் கிடைக்கும். தரகர் உலகம் தன்னைப்பற்றிக் கொண்டிருந்த கற்பிதம் மெய்யாகும் இடம் ஆட்டப் பலகையாயிற்று. மேற்கட்டுமானம் அடிக்கட்டுமானத்தை வெறுமனே பிரதிசெய்வதில்லை. சில வேளைகளில் அடிக்கட்டுமானத்தில் நிறைவேறாத வாக்குறுதியை அது தன்னளவில் நிறைவேற்றிக் காட்டுகின்றது.

கடன்முறையும் பங்குச்சந்தையும் வளர்ந்த நிலையில், உழைப்பின் இடத்தைச் சூதாட்டம் பிடித்து மூலதனவுடைமையின் ஊற்றாகத் தோற்றமளிக்கின்றது என்று மார்க்ஸ் காட்டினார். 1894இல் எங்கெல்ஸ் வெளியிட்ட மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் இதனைக் காணலாம். வால்ரர் பெஞ்சமின் 1939இல் போதலேர் பற்றி எழுதிய கட்டுரையிற் சூதாடியை ஆலைத் தொழிலாளியோடு ஒப்பிட்டார். இயந்திரத்தின் ஒவ்வோர் அசைவும் முந்தியதோடு தொடர்பற்றிருப்பதுபோல ஒவ்வோர் எறிதலும் தொடர்பற்றது என்பது அவர் கருத்து. ஆழமான கருத்தே, எனினும் அது சுழற்சக்கர மேசைக்கே பொருந்தும். இரட்டிப்பு விதி கொண்ட பக்கமனில் ஒவ்வோர் எறிதலும் முந்தியதன் மேல் ஏறி நிற்கின்றது. கட்டை யாரிடம் உள்ளது என்பதே கடந்தகாலத்தின் பதிவு. இவ்வாட்டக்காரன் தொழிலாளியின் சாயலல்லன். நிலைமையை மதிப்பிட்டு, ஆபத்துக்கு விலை குறித்து, பொறுப்பை மற்றவன் தலையில் ஏற்றும் நிதியாளனின் சாயல்.

1904இல் எலிசபெத் மகீ காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் ஆட்டம்' இங்கு ஒப்பிடத்தக்கது. நிலவாடகை உடைமையாளரைச் செழிக்கச்செய்து ஏனையோரை வறுமைப்படுத்துவதை ஹென்றி ஜோர்ஜின் கொள்கைவழி நின்று காட்டுவதே அதன் நோக்கம். அதன் வழிவந்த 'மொனோபொலி' 1935இல் சந்தைக்கு வந்தபோது விமரிசனம் மறைந்து, ஆசை மட்டும் எஞ்சியது. அங்குப் பணயத்தை ஏற்றுவது பலகை மீதுள்ள நிலமும் வீடும். பக்கமனில் நிலமுமில்லை, வீடுமில்லை. அறிவிப்பதற்கான உரிமை ஒன்றே பணயத்தை ஏற்றுகின்றது. நிதி மூலதனத்தின் அருவமான இயல்புக்கு இது அணுக்கமானது.

7. சம உரிமையும் சமமற்ற பையும்

இரட்டிப்பு விதி ஆட்டத்தை மேலும் அறிவார்ந்ததாக்கியது என்பதை மறுத்தற்கில்லை. பகடையின் கொடுமையை அது தணித்தது; மதிப்பிடும் ஆற்றலுக்குப் புதிய களம் திறந்தது. எங்குச் செல்வன் ஆடினாலும் எளியவன் ஆடினாலும் பலகைமீது இருவருக்கும் விதி ஒன்றே. பூர்சுவாச் சட்டம் வழங்கும் சமத்துவமும் இத்தகையதே.

பை சமமாயின் மட்டுமே இச்சமத்துவம் நிறைவுறும். ஒரு டொலர் பணயத்தோடு தொடங்கும் ஆட்டம் ஆறு இரட்டிப்புக்களால் 64 டொலராகும். இரட்டை வெற்றியாயின் 128 டொலர். கையில் நூறு டொலர் உடையவனும் இலட்சம் டொலர் உடையவனும் ஒரே நிலையில், ஒரே 30 விழுக்காட்டு வாய்ப்போடு, 32ஐ 64 ஆக்கும் இரட்டிப்பை எதிர்கொள்கின்றனர் என வைத்துக்கொள்வோம். கணக்கு இருவரையும் ஏற்கச் சொல்கின்றது. இரண்டாமவன் ஏற்பான். முதலாமவன் ஏற்றால், பத்தில் ஏழு வாய்ப்பில், கையிலுள்ளதிற் பெரும்பகுதியை இழந்து மேசையை விட்டு எழ வேண்டிவரும்; நீண்டகாலத்திற் பலிக்கும் சராசரி அவனுக்கு எட்டாது, ஏனெனில் அவனுக்கு நீண்டகாலமே இல்லை. எனவே சரியென்று தெரிந்ததைச் செய்ய இயலாமல் அவன் விலகுகின்றான். எதிரி அதனை அறிந்திருந்தால், இரட்டிக்கத் தகாத நிலையிலும் இரட்டிப்பான். செல்வம் இவ்வாறு பலகைமீது ஒரு காயும் வைக்காமல் ஆட்டத்தில் இறங்குகின்றது. ஹொய்சிங்கா குறிப்பிட்ட வேலி இந்த இடத்தில் திறந்தே கிடக்கின்றது.

8. மீளெழுச்சி

1930களின் பிற்பகுதியில் மோகம் தணிந்தது. 1960களில் அது மீண்டும் எழுந்தது. ரசியப் பிரபுகுலத்திற் பிறந்து புலம்பெயர்ந்த அலெக்சிஸ் ஒபொலென்ஸ்கி 1964இல் பகாமாசில் சர்வதேசப் போட்டியொன்றை ஒழுங்குசெய்தார். 1970இல் ஒஸ்வால்ட் ஜக்கோபியும் ஜோன் குறோபோர்ட்டும் எழுதிய நூல் வெளியாயிற்று. இவ்விருவர் பெயராலும் வழங்கும் இரு விதிகளும் இரட்டிப்பைக் கட்டுப்படுத்துவனவே. பணத்துக்கு ஆடும்போது, கட்டை ஒருமுறையேனும் திருப்பப்பட்டாலன்றி இரட்டை வெற்றி கணிக்கப்படாது என்பது ஜக்கோபி விதி. புள்ளிப் போட்டியில், ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி மட்டுமே குறைவாக எட்டியதும் வரும் ஆட்டத்தில் இரட்டிப்புக் கிடையாது என்பது குறோபோர்ட் விதி. இழப்பதற்கு எதுவுமில்லாதவன் தயக்கமின்றி இரட்டிப்பதைச் சிறிது நேரமாவது தடுப்பதே பின்னையதன் நோக்கம்.

இம்மீளெழுச்சியின் காலமும் பொருளுடையது. 1973இல் சிக்காகோவில் உரிமைத்தெரிவு ஒப்பந்தங்களுக்கான சந்தை திறக்கப்பட்டது. அவற்றுக்கு விலை குறிக்கும் பிளாக், ஷோல்ஸ் ஆகியோரது ஆய்வும் அவ்வாண்டே வெளிவந்தது. தற்செயலாக இடையறாது அசையும் அளவினைக் கொண்டு எதிர்கால உரிமைக்கு விலை காண்பது அதன் முறை. இரண்டாண்டுகளின் பின் கீலரும் ஸ்பென்சரும் இரட்டிப்பு உரிமையை ஆராய்ந்தபோது கையாண்டதும் இவ்வகைச் சிந்தனையே. கழகத்தின் மாலைப்பொழுதிற் பெயரறியாத ஒருவர் வகுத்த விதியும், நிதிச்சந்தையின் கணிதமும் ஒரே வடிவத்திற் சந்தித்தன. 1979இல் மொண்டி கார்லோவில் ஹான்ஸ் பேர்லினர் ஆக்கிய கணினி நிரல், உலக வீரரான லூயிஜி வில்லாவை 7–1 என்ற புள்ளிகளில், 5,000 டொலர் பணயத்துக்கு வென்றது. 1992இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெரால்ட் ரெசோரோ உருவாக்கிய நிரல், தன்னோடு தானே ஆடிக் கற்றது. நிலைக்கு விலை குறிக்கும் தொழில் மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு மாறத் தொடங்கியது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, இரட்டிப்பு விதி பணயத்தின் அளவை மாத்திரம் கூட்டவில்லை. முடியாத ஆட்டத்துக்கு விலையையும், அவ்விலையை முன்மொழியும் உரிமைக்கு உடைமைத் தன்மையையும் அது கொடுத்தது. இரண்டாவது, ஷுவெற் முறை பலரை ஒன்றுசேர்த்தது உடைமையாளர்களாகவே. ஆபத்தின்போது பிரிவதற்கான உரிமையோடுதான் அவர்கள் சேர்ந்தனர். மூன்றாவது, விதியின் சமத்துவம் மெய்யானது. அதே வேளை அதன் பயன் பையின் கனத்தைப் பொறுத்தது. இவ்விரு கூற்றுக்களுள் ஒன்றை மட்டும் கூறுபவர் ஆட்டத்தையும் விளங்கார், அதனை ஆக்கிய சமூகத்தையும் விளங்கார்.

வடிவத்தை ஆராயும் முற்போக்கு விமரிசகருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு வடிவத்தின் வர்க்கத் தோற்றத்தைச் சுட்டியவுடன் நமது பணி முடிந்துவிடுவதில்லை. அவ்வடிவம் எதனைக் கூர்மையாக்கியது, எதனை மறைத்தது என்பதை அதன் விதிகளுக்குள்ளேயே புகுந்து காட்டுதல் வேண்டும். செல்வர் வகுத்த விதி அறிவார்ந்ததாயிருத்தல் கூடும். அந்த அறிவு அனைவருக்கும் ஒரே அளவிற் பயன்படும் நிலையோ விதித்தொகுப்புக்களுக்குள் அடங்குவதன்று. அது பைகளின் பங்கீட்டைப் பற்றியது.